உள்ளக இயக்கப்பொறியும் கொள்முதல் இயக்கப்பொறியும்

உள்ளக இயக்கப்பொறி என்பது ஒரு கைக்கடிகார நிறுவனம் தானே வடிவமைத்து, தன் சொந்தத் தொழிற்சாலையில் உருவாக்கித் தன் கடிகாரங்களில் பொருத்தும் இயக்கப்பொறியைக் குறிக்கும். வேறொரு நிறுவனத்திடமிருந்து முழுமையாகவோ பகுதி முடிந்த நிலையிலோ வாங்கிப் பொருத்தப்படுவது கொள்முதல் இயக்கப்பொறி எனப்படும். விலையுயர்ந்த பொறிமுறைக் கைக்கடிகாரங்களின் விளம்பரத்திலும் விலையிலும் இவ்வேறுபாடு பெரும் இடம் பெறுகிறது.

எனினும் "உள்ளகம்" என்ற சொல்லுக்குச் சுவிட்சர்லாந்துச் சட்டத்தில் வரையறை எதுவும் இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கு ஏற்றவாறு அதனைப் பயன்படுத்துகிறது. இருபதாம் நூற்றாண்டின் மிகச் சிறந்த கைக்கடிகாரங்களாகக் கருதப்படுவனவற்றுள் பல, கொள்முதல் இயக்கப்பொறிகளைக் கொண்டவை என்பது குறிப்பிடத்தக்கது.

இயக்கப்பொறியின் அமைப்பு

கைக்கடிகாரத்தின் கூடு, முகப்பு, முட்கள், பட்டை ஆகியவை நீங்கலாக, உள்ளிருந்து நேரத்தை ஓட்டும் பொறித்தொகுதியே இயக்கப்பொறி ஆகும். கடிகாரம் பழுதுபார்ப்போர் இதனைப் பேச்சு வழக்கில் "மிஷின்" என்பர். இதன் முதன்மை உறுப்புகள் பின்வருமாறு:

- முதன்மைச் சுருள்வில்: சாவி கொடுக்கும்போது இறுகி, ஆற்றலைச் சேமித்து வைப்பது.
- பற்சக்கரத் தொடர்: அவ்வாற்றலை முட்களுக்கும் விடுவிப்பு அமைப்புக்கும் கடத்துவது.
- விடுவிப்பு அமைப்பு: எஸ்கேப்மென்ட் எனப்படும் இது, ஆற்றலைச் சிறு சிறு அளவாக விடுவிப்பது.
- சமநிலைச் சக்கரமும் மயிரிழைச் சுருள்வில்லும்: முன்னும் பின்னும் சீராக அசைந்து நேரத்தை அளப்பவை.
- அடித்தட்டும் தாங்கு தகடுகளும்: மற்ற உறுப்புகளைத் தாங்குபவை.

எளிய பொறிமுறைக் கடிகாரம் ஒன்றில் ஏறத்தாழ 130 உறுப்புகள் இருக்கும். நிறுத்துக் கடிகார வசதி கொண்ட குரோனோகிராஃப் வகையில் இவ்வெண்ணிக்கை பெரிதும் கூடும். இன்றைய இயக்கப்பொறிகள் பலவற்றில் சமநிலைச் சக்கரம் மணிக்கு 28,800 முறை அசைகிறது. அதாவது ஆண்டுக்கு 25 கோடிக்கும் மேற்பட்ட அசைவுகள். இத்தகைய தொகுதி ஒன்றைப் புதிதாக வடிவமைத்து, பல்லாண்டுகள் பிழையின்றி ஓடும் எனச் சோதித்து, அதற்குரிய கருவிகளையும் அச்சுகளையும் உருவாக்குவதற்குப் பெரும் பொருட்செலவும் பல ஆண்டு உழைப்பும் தேவை. பெரும்பாலான நிறுவனங்கள் இயக்கப்பொறியை வெளியில் வாங்குவதற்கு இதுவே அடிப்படைக் காரணம் ஆகும்.

வரலாறு

பகிர்ந்த உழைப்பு முறை

சுவிட்சர்லாந்தின் ஜூரா மலைப்பகுதியில் கடிகாரத் தொழில் தொடக்கத்திலிருந்தே பகிர்ந்த உழைப்பின் அடிப்படையில் வளர்ந்தது. ஒரு குடும்பம் பற்சக்கரங்களைச் செய்தது. மற்றொரு குடும்பம் திருகாணிகளைச் செய்தது. இன்னொரு பட்டறை முகப்புகளுக்கு எனாமல் பூசியது. இவற்றையெல்லாம் பெற்று ஒன்றுசேர்த்துத் தன் பெயரில் விற்றவர் "எட்டாப்ளிசூர்" எனப்பட்டார். இம்முறை "எட்டாப்ளிசாஜ்" என வழங்கியது. இதற்கு மாறாக, உறுப்புகளில் பெரும்பாலானவற்றை ஒரே கூரையின் கீழ்ச் செய்த தொழிற்சாலை "மனுஃபாக்சூர்" எனப்பட்டது. இன்றைய உள்ளகம், கொள்முதல் என்ற பாகுபாட்டின் வேர் இவ்விரு சொற்களில் உள்ளது.

அடித்தட்டு, தாங்கு தகடுகள், பற்சக்கரங்கள் ஆகியவை மட்டும் அடங்கிய, முற்றுப்பெறாத இயக்கப்பொறி "எபோஷ்" என அழைக்கப்படுகிறது. ஒரு நிறுவனம் எபோஷை வாங்கி, அதற்கு மெருகூட்டி, விடுவிப்பு அமைப்பைப் பொருத்தி, நேரத்தைச் சீர்செய்து தன் பெயரைப் பொறிப்பது நீண்டகால வழக்கம் ஆகும். இதனை எவரும் குறையாகக் கருதவில்லை.

எபோஷ் தயாரிப்பாளர்கள் சிலர் ஒன்றிணைந்து 1926 இல் எபோஷ் எஸ்.ஏ. என்னும் நிறுவனத்தை அமைத்தனர். 1931 இல் அரசின் துணையோடு அசுவாக் என்னும் பெருங்குழுமம் உருவாகி, இந்நிறுவனத்தையும் தன்னுள் கொண்டது. ஈட்டா நிறுவனம் 1932 இல் எட்டெர்னா நிறுவனத்திலிருந்து பிரிந்து எபோஷ் எஸ்.ஏ.யில் சேர்ந்தது. பிற்காலத்தில் சுவிஸ் கடிகாரத் தொழில் முழுவதும் சார்ந்திருக்க நேர்ந்த ஈட்டா இதுவே ஆகும்.

குவார்ட்சு நெருக்கடி

1969 டிசம்பரில் சப்பானின் சீகோ நிறுவனம் ஆஸ்ட்ரான் என்னும் குவார்ட்சுக் கைக்கடிகாரத்தை வெளியிட்டது. அடுத்த பத்தாண்டுகளில் விலை குறைந்த குவார்ட்சுக் கடிகாரங்கள் துல்லியத்தில் பொறிமுறைக் கடிகாரங்களை எளிதில் வென்றன. சுவிட்சர்லாந்தில் ஏராளமான நிறுவனங்கள் மூடப்பட்டன. அசுவாக், எஸ்எஸ்ஐஎச் ஆகிய இரு குழுமங்களும் 1983 இல் இணைக்கப்பட்டன. நிக்கொலாஸ் ஹாயெக்கின் தலைமையில் வளர்ந்த இக்குழுமம் 1998 இல் ஸ்வாட்ச் குழுமம் எனப் பெயர் பெற்றது. ஈட்டாவும், மயிரிழைச் சுருள்வில் செய்யும் நிவாராக்ஸும் இக்குழுமத்தின் வசமாயின.

இதன் பிறகு பொறிமுறைக் கடிகாரம் நேரம் பார்க்கும் கருவி என்ற நிலையிலிருந்து ஆடம்பரப் பொருள் என்ற நிலைக்கு மாறியது. துல்லியத்தைக் காட்டி விற்க இயலாத நிலையில், யார் செய்தார், எவ்வாறு செய்தார் என்பவை விற்பனைக்கு உதவும் செய்திகளாயின.

புகழ்பெற்ற கொள்முதல் இயக்கப்பொறிகள்

ஜேகர்-லெகூல்டர் 920

1967 இல் அறிமுகமான இந்த மெல்லிய தானியங்கி இயக்கப்பொறியின் தடிமன் 2.45 மில்லிமீட்டர். இதனைச் செய்த ஜேகர்-லெகூல்டர் தன் சொந்தக் கடிகாரங்கள் எதிலும் இதனைப் பயன்படுத்தவில்லை. ஓடிமார் பிகே, பட்டேக் பிலிப், வாஷெரோன் கான்ஸ்டன்டின் ஆகிய மூன்று நிறுவனங்கள் இதனைத் தத்தம் பெயரில் பயன்படுத்தின. ஜெரால்டு ஜென்டா வடிவமைத்த ராயல் ஓக் (1972), நாட்டிலஸ் (1976) ஆகியவற்றிலும், வாஷெரோனின் 222 என்னும் கடிகாரத்திலும் (1977) இருந்தது இதன் வழிவந்த இயக்கப்பொறியே. ஓடிமார் பிகே ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின், 2022 இல்தான் ராயல் ஓக்கின் "ஜம்போ" வகையில் இதற்கு மாற்றாகத் தன் சொந்த 7121 ஐப் பொருத்தியது.

லெமானியா 2310

1940களில் உருவாக்கப்பட்ட இக்குரோனோகிராஃப் இயக்கப்பொறி, ஒமேகா நிறுவனத்தில் 321 என்ற எண்ணைப் பெற்றது. 1957 இல் வெளிவந்த ஸ்பீடுமாஸ்டரில் இது பொருத்தப்பட்டது. நாசாவின் சோதனைகளில் தேறி 1965 இல் ஏற்கப்பட்ட ஸ்பீடுமாஸ்டர், 1969 இல் நிலவுப் பயணத்திலும் இடம்பெற்றது. அதே லெமானியா அடிப்படையைப் பட்டேக் பிலிப் 1980களிலிருந்து சிஎச் 27-70 என்ற பெயரில் தன் உயர்விலைக் குரோனோகிராஃப்களில் பயன்படுத்தியது. வாஷெரோனும் இதனை 1141 என்ற பெயரில் கொண்டிருந்தது.

அடிப்படை ஒன்றாயினும் இவை ஒரே பொருள் அல்ல. பட்டேக் பிலிப் தகடுகளின் விளிம்புகளைச் சரிவாகத் தேய்த்து, உருக்கு உறுப்புகளைக் கையால் மெருகேற்றி, சமநிலைச் சக்கரத்தையும் மாற்றியது. அவ்வியக்கப்பொறி ஜெனீவா முத்திரையையும் பெற்றிருந்தது. பட்டேக் பிலிப் 2009 இல் சிஎச் 29-535 என்னும் சொந்தக் குரோனோகிராஃப் இயக்கப்பொறியை வெளியிட்டு, லெமானியா அடிப்படையைப் படிப்படியாகக் கைவிட்டது. எனினும் பழைய வகையைச் சேகரிப்போர் இன்றும் பெரும் மதிப்புடன் தேடுகின்றனர்.

எல் பிரிமெரோ

செனித் நிறுவனம் 1969 இல் வெளியிட்ட எல் பிரிமெரோ, மணிக்கு 36,000 அசைவுகள் கொண்ட தானியங்கிக் குரோனோகிராஃப் ஆகும். இதனால் நொடியில் பத்தில் ஒரு பங்கை அளக்க முடியும். 1975 இல் நிறுவனத்தின் அமெரிக்க உரிமையாளர்கள் பொறிமுறைக் கடிகாரங்களைக் கைவிட்டுக் கருவிகளை அகற்ற ஆணையிட்டனர். சார்ல்ஸ் வெர்மோ என்னும் பணியாளர் அவ்வாணையை மீறி, அச்சுகளையும் வெட்டுக் கருவிகளையும் வரைபடங்களையும் தொழிற்சாலையின் பரணில் மறைத்து வைத்தார். 1980களில் உற்பத்தி மீண்டும் தொடங்கியபோது அக்கருவிகளே கைகொடுத்தன.

ரோலெக்ஸ் நிறுவனம் 1988 முதல் 2000 வரை தன் டேடோனா கடிகாரத்தில் எல் பிரிமெரோவை 4030 என்ற பெயரில் பயன்படுத்தியது. அசைவு வேகத்தை மணிக்கு 28,800 ஆகக் குறைத்தது, நாள்காட்டியை நீக்கியது, சமநிலைச் சக்கரத்தையும் சுருள்வில்லையும் மாற்றியது. அதற்கு முன் டேடோனாவில் இருந்ததும் வால்ஷூ என்னும் வெளி நிறுவனத்தின் இயக்கப்பொறியே. 2000 இல்தான் ரோலெக்ஸின் சொந்தக் குரோனோகிராஃப் இயக்கப்பொறியான 4130 வெளிவந்தது. மேலும், ரோலெக்ஸுக்கு நீண்டகாலமாக இயக்கப்பொறிகளைச் செய்தளித்த பியல் நகர ஏக்லர் தொழிற்சாலை 2004 வரை ரோலெக்ஸுக்குச் சொந்தமாக இருக்கவில்லை.

ஈட்டா வழங்கல் கட்டுப்பாடு

1980களுக்குப் பிறகு நூற்றுக்கணக்கான கடிகாரப் பெயர்களின் உள்ளே ஓடியவை பெரும்பாலும் ஈட்டாவின் மூன்று இயக்கப்பொறிகளே: தானியங்கி வகையில் 2824-2, அதனினும் மெல்லிய 2892-ஏ2, குரோனோகிராஃப் வகையில் வால்ஷூ 7750. தாம் முதலீடு செய்து உருவாக்கியதைப் போட்டியாளர்கள் எளிதாக வாங்கி, விளம்பரத்திற்கு மட்டும் செலவிடுவதாக ஹாயெக் குறைகூறினார். வெளி நிறுவனங்களுக்கு எபோஷ் வழங்குவதை நிறுத்தப்போவதாக ஸ்வாட்ச் குழுமம் 2002 இல் அறிவித்தது.

இதனால் சிறு நிறுவனங்கள் அழியும் என்ற அச்சம் எழுந்தது. சுவிஸ் போட்டி ஆணையம் தலையிட்டது. அதன் பின் நிகழ்ந்தவை:

- 2004: எபோஷ் வழங்கலை 2010 இறுதி வரை தொடர உடன்பாடு ஏற்பட்டது.
- 2013: முழுமையான இயக்கப்பொறிகளின் வழங்கலை 2019 இறுதி வரை படிப்படியாகக் குறைக்க அனுமதி அளிக்கப்பட்டது. நிவாராக்ஸின் விடுவிப்பு உறுப்புகளுக்கும் சுருள்வில்களுக்கும் இவ்வனுமதி அளிக்கப்படவில்லை.
- 2019 டிசம்பர்: ஈட்டா வெளி நிறுவனங்களுக்கு வழங்குவதை ஆணையம் தற்காலிகமாகத் தடுத்தது. மாற்று வழங்குநர்கள் வளர இடமளிப்பது இதன் நோக்கம்.
- 2020 சூலை: ஆணையம் ஈட்டாவைக் கட்டுப்பாடுகளிலிருந்து விடுவித்தது. அதன் பின் யாருக்கு வழங்குவது என்பதை ஈட்டாவே தீர்மானிக்கலாம் என்றாயிற்று.

இக்கட்டுப்பாட்டின் விளைவாக இரு மாற்றங்கள் நிகழ்ந்தன. ஒன்று, வேறு வழங்குநர்களின் வளர்ச்சி. லா ஷோ-த-ஃபோன் நகரில் 1950 முதல் இயங்கும் செல்லிட்டா நிறுவனம் முன்பு ஈட்டாவின் இயக்கப்பொறிகளைப் பொருத்தித் தந்துகொண்டிருந்தது. 2824-2 இன் காப்புரிமை காலாவதியாகிவிட்டதால், அதே அமைப்பில் எஸ்டபிள்யூ200 என்னும் இயக்கப்பொறியைத் தானே செய்து விற்கத் தொடங்கியது. மற்றொன்று, வசதி படைத்த நிறுவனங்கள் சொந்த இயக்கப்பொறிகளில் முதலீடு செய்தமை. பானெராய் (2005), பிரைட்லிங் (2009), கார்ட்டியே (2010), டியூடர் (2015) ஆகியவை இக்காலத்தில் சொந்த இயக்கப்பொறிகளை வெளியிட்டன. வழங்கல் அறுந்துபோகும் என்ற அச்சமே இம்முதலீட்டுக்கு ஒரு முக்கியக் காரணம் என்பதும், விளம்பரங்கள் அதனைக் கைத்திறனின் பெருமையாக மட்டும் கூறின என்பதும் கவனிக்கத்தக்கவை.

வரையறைச் சிக்கல்

நடைமுறையில் உள்ளகம், கொள்முதல் ஆகிய இரண்டுக்கும் இடையே பல படிநிலைகள் உள்ளன:

1. சுருள்வில் உட்பட ஏறத்தாழ எல்லா உறுப்புகளையும் நிறுவனமே செய்வது.
2. வடிவமைப்பும் பெரும்பாலான உறுப்புகளும் சொந்தம். சுருள்வில், மணிக்கற்கள் முதலியன வெளியிலிருந்து.
3. ஒரே குழுமத்தின் சகோதர நிறுவனம் செய்து தருவது.
4. வெளி நிறுவனம் ஒரு நிறுவனத்துக்கென்று மட்டும் வடிவமைத்துத் தருவது.
5. பொதுவாக விற்கப்படும் எபோஷை வாங்கிப் பெருமளவில் மாற்றியமைப்பது.
6. முழுமையான இயக்கப்பொறியை வாங்கி, பெயரை மட்டும் பொறித்துப் பொருத்துவது.

முதல் மூன்று நிலைகளும், சில வேளைகளில் நான்காவதும், "உள்ளகம்" என்றே விளம்பரப்படுத்தப்படுகின்றன. சுவிஸ் நிறுவனங்கள் பலவும் மயிரிழைச் சுருள்வில்லை நிவாராக்ஸிடமிருந்து பெறுவதால், முதல் படிநிலையைச் சேர்ந்தவை மிகச் சிலவே.

டாக் ஹோயர் நிறுவனம் 2009 இல் அறிவித்த காலிபர் 1887 இச்சிக்கலுக்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு ஆகும். இது சொந்த இயக்கப்பொறி என அறிமுகமானது. இதன் அடிப்படை வடிவமைப்பு சீகோவிடமிருந்து உரிமம் பெற்றது என்பது பின்னர் தெரியவந்தபோது கடும் விமர்சனம் எழுந்தது. நிறுவனத்தின் தலைவர் அதனை ஒப்புக்கொண்டு விளக்கமளித்தார். உறுப்புகள் சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்டிருந்தும், அடிப்படை வடிவமைப்பு வேறொருவருடையது என்பதை முதலிலேயே கூறாமையே விமர்சனத்திற்கு இடமளித்தது.

இதற்கு மாறான எடுத்துக்காட்டு டியூடர், பிரைட்லிங் ஆகியவற்றின் பரிமாற்றம் ஆகும். 2017 இல் டியூடர் தன் குரோனோகிராஃபுக்குப் பிரைட்லிங்கின் பி01 ஐ அடிப்படையாகக் கொண்டது. பிரைட்லிங் தன் மூன்று முள் கடிகாரத்துக்கு டியூடரின் இயக்கப்பொறியைப் பெற்றது. இரு நிறுவனங்களும் இதனை வெளிப்படையாக அறிவித்தன. டியூடரின் சார்பில் தொடங்கப்பட்ட கெனிசி நிறுவனம், பின்னர் ஷனெல், நார்கெய்ன் முதலிய பெயர்களுக்கும் இயக்கப்பொறிகளை வழங்கியது. 2005 இல் மாக்சிமிலியன் பூசர் தொடங்கிய எம்பி&எஃப் நிறுவனம், ஒவ்வொரு கடிகாரத்தின் உருவாக்கத்திலும் பங்கேற்ற வெளிக் கலைஞர்களின் பெயர்களை வெளியிடுவதையே தன் அடையாளமாகக் கொண்டது.

ஒப்பீடு

துல்லியம்

உள்ளக இயக்கப்பொறி இயல்பாகவே துல்லியமானது என்று கூற இயலாது. சுவிஸ் அதிகாரமுறை குரோனோமீட்டர் சோதனை நிறுவனம் ஒவ்வோர் இயக்கப்பொறியையும் 15 நாட்கள், 5 நிலைகளில், 8, 23, 38 பாகை செல்சியசு வெப்பநிலைகளில் சோதிக்கிறது. சராசரி நாள் வழு -4 நொடி முதல் +6 நொடிக்குள் இருக்க வேண்டும். செய்தவர் யார் என்பது இச்சோதனையில் ஒரு பொருட்டன்று. நன்கு சீர்செய்யப்பட்ட ஈட்டா இயக்கப்பொறிகள் பெருமளவில் இச்சான்றைப் பெற்றுள்ளன.

இயங்கு நேரம்

ஒரு முறை முழுமையாகச் சாவி கொடுத்தால் 2824-2 ஏறத்தாழ 38 மணி நேரம் ஓடும். டியூடரின் எம்டி5621 ஏறத்தாழ 70 மணி நேரமும், ரோலெக்ஸ் 4130 ஏறத்தாழ 72 மணி நேரமும் ஓடும். வெள்ளி மாலை கழற்றி வைத்த கடிகாரம் திங்கள் காலையிலும் ஓடிக்கொண்டிருக்கும் என்பது இதன் பயன். எனினும் டிசோட் முதலிய இடைநிலை விலைக் கடிகாரங்களுக்கு ஈட்டா செய்தளிக்கும் பவர்மாட்டிக் 80 வகை, 80 மணி நேரம் ஓடுகிறது. எனவே இதுவும் உள்ளகத் தயாரிப்புக்கு மட்டும் உரிய சிறப்பன்று.

பழுதுபார்ப்பு

வாங்குவோரை நெடுங்காலம் பாதிக்கும் வேறுபாடு இதுவே ஆகும். பொறிமுறைக் கடிகாரத்தைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை பிரித்துத் துப்புரவு செய்து எண்ணெயிட வேண்டும். ஈட்டா, செல்லிட்டா வகைகள் பெருமளவில் உற்பத்தி செய்யப்பட்டவை. அவற்றின் அமைப்பைப் பல ஊர்களின் பழுதுபார்ப்போர் அறிவர்; உதிரி உறுப்புகளும் ஒப்பீட்டளவில் எளிதில் கிடைக்கும். உள்ளக இயக்கப்பொறியின் உறுப்புகளை நிறுவனங்கள் பலவும் தம் அதிகாரம் பெற்ற பணிமனைகளுக்கு மட்டுமே வழங்குகின்றன. ஆகவே கட்டணமும் காத்திருக்கும் காலமும் கூடுகின்றன. சிறிய நிறுவனம் ஒன்று மூடப்பட்டால், அதன் சொந்த இயக்கப்பொறிக்கு உறுப்பு கிடைப்பது அரிதாகிவிடும். மறுபுறம், 1839 முதல் தான் செய்த எந்தக் கடிகாரத்தையும் பழுதுபார்க்க முடியும் எனப் பட்டேக் பிலிப் உறுதியளிக்கிறது.

வடிவமைப்பும் விலையும்

சொந்த இயக்கப்பொறி இருந்தால் கடிகாரத்தின் அளவு, தடிமன், முட்களின் இடம் ஆகியவற்றை நிறுவனமே தீர்மானிக்கலாம். வாங்கிய இயக்கப்பொறி சிறியதாக இருந்து கூடு பெரியதாக இருந்தால், நாள்காட்டிச் சாளரம் முகப்பின் விளிம்பிலிருந்து விலகி உட்புறமாக அமைந்துவிடுவதைக் காணலாம். சொந்த வடிவமைப்பின் செலவு குறைந்த எண்ணிக்கையிலான கடிகாரங்களின்மீது பங்கிடப்படுவதால் விலை உயர்கிறது. அவ்வுயர்வில் எவ்வளவு உழைப்புக்கு உரியது, எவ்வளவு சொல்லுக்கு உரியது என்பதை வெளியிலிருந்து பிரித்தறிதல் கடினம்.

சுவிட்சர்லாந்துக்கு வெளியே

சப்பானின் சீகோ நிறுவனம், சுருள்வில்லுக்கான ஸ்பிரான் உலோகக் கலவை முதல் முழுக் கடிகாரம் வரை தன் குழுமத்துக்குள்ளேயே செய்கிறது. அதே நிறுவனம் விலை குறைந்த இயக்கப்பொறிகளைப் பிறருக்கும் விற்கிறது. சிட்டிசன் குழுமத்தின் மியோட்டாவும் அவ்வாறே.

செருமனியின் கிளாஷூட்டே நகரில் 1990 இல் மீண்டும் நிறுவப்பட்ட ஏ. லாங்கே அண்டு சோனெ, தன் சுருள்வில்களைத் தானே செய்கிறது. அதே நகரின் நோமோஸ் நிறுவனம் தொடக்கத்தில் பெசோ 7001 என்னும் சுவிஸ் இயக்கப்பொறியைப் பயன்படுத்தியது. 2005 இல் சொந்த இயக்கப்பொறியையும், 2014 இல் சொந்த விடுவிப்பு அமைப்பையும் வெளியிட்டது. படிப்படியாகத் தன்னிறைவு அடைந்தமைக்கு இந்நிறுவனம் நல்ல எடுத்துக்காட்டு ஆகும்.

இந்தியாவில் எச்எம்டி நிறுவனம் 1961 இல் சிட்டிசனின் தொழில்நுட்ப உதவியுடன் பெங்களூரில் கைக்கடிகார உற்பத்தியைத் தொடங்கியது. டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் 1984 இல் கூட்டாக நிறுவிய டைட்டன், ஓசூரில் தன் தொழிற்சாலையை அமைத்தது. இயக்கப்பொறித் தயாரிப்புக்குத் தொடக்கத்தில் பிரான்சு எபோஷ் நிறுவனத்தின் ஒத்துழைப்பைப் பெற்றது. பின்னர் 2002 இல் வெளிவந்த டைட்டன் எட்ஜ் கடிகாரத்துக்கு 1.15 மில்லிமீட்டர் தடிமனுள்ள குவார்ட்சு இயக்கப்பொறியை அந்நிறுவனமே உருவாக்கியது. இது ஆடம்பர விலைக் கடிகாரம் அன்று. எனினும் வாங்கிக் கற்றுப் பின் தானே செய்தல் என்னும் பாதை இங்கும் ஒன்றே.

சான்றுகளும் முத்திரைகளும்

- சுவிஸ் தயாரிப்பு: 2017 சனவரி முதல், கடிகாரத்தின் உற்பத்திச் செலவில் குறைந்தது 60 விழுக்காடு சுவிட்சர்லாந்தில் ஆகியிருக்க வேண்டும். இயக்கப்பொறி யாருடையது என்பதை இது கூறாது.
- ஜெனீவா முத்திரை: 1886 இல் ஏற்படுத்தப்பட்டது. மெருகூட்டலின் தரத்தையும் ஜெனீவா மாநிலத்தில் பொருத்தப்பட்டதையும் சான்றளிக்கிறது.
- குரோனோமீட்டர் சான்று: துல்லியத்தை மட்டும் சான்றளிக்கிறது.

இவற்றுள் எதுவும் இயக்கப்பொறி உள்ளகத் தயாரிப்பு என்று சான்றளிப்பதில்லை. ஆகவே ஒரு கடிகாரத்தின் இயக்கப்பொறியை மதிப்பிடுவதற்கு, அதனை வடிவமைத்தவர் யார், உறுப்புகளைச் செய்தவர் யார், சீர்செய்தவர் யார், முப்பது ஆண்டுகளுக்குப் பின் பழுதுபார்க்கக்கூடியவர் யார் என்ற நான்கு கேள்விகளையும் தனித்தனியே கேட்க வேண்டியுள்ளது.

இவற்றையும் பார்க்கவும்

- கைக்கடிகாரம்
- குவார்ட்சுக் கடிகாரம்
- குரோனோமீட்டர்
- சுவிட்சர்லாந்தின் பொருளாதாரம்